உலு கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

“ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சா இந்த ஊர்ல எல்லாரும் எங்க போவாவ அண்ணாச்சி?”

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில், தோசைத் தட்டை என் முன்னால் வைத்தபடியே இப்படிக் கேட்டான் அந்தத் தம்பி. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். திருநெல்வேலிச் சீமைப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. மலேசியாவுக்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால், இரவு பத்து மணிக்குத்தான் பாத்திரம் கழுவி முடியும். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அந்த ஒரு நாளிலும் மேல்மாடி அறையில் மத்தியானம் வரை படுத்துக் கிடந்துவிட்டு, பொழுது போகாமல் கீழே இறங்கிவந்து, வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பானாம்! (நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றுதான் சொல்கிறது. சட்டப் புத்தகத்தைச் சமையற்கட்டு வரைக்கும் யார் கொண்டுபோவது?)

அவன் கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நேயர்களே, நீங்களே யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாம் எங்கே போகிறோம்? நான் பிறந்து வளர்ந்தது காப்பார்ப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் மற்ற வேலைகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். விறகு பிளக்க வேண்டும். கோழிக்கூண்டு அடைக்க வேண்டும். கிள்ளான் சந்தைக்குப் போய் வரவேண்டும். எங்களுக்கெல்லாம் தலை நிறைய எண்ணெய் வைத்துத் தேய்த்துக் குளிக்க வைப்பார் அம்மா. மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும் வாசனை லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போகும். சாயங்காலம் திடலில் பந்து விளையாட்டு. அப்புறம் சிலர் வீட்டில் சண்டை. ஒரு வேலையும் இல்லாமல், ஒரு காரணமும் இல்லாமல், குடும்பத்தோடு ஓர் இடத்துக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவது என்பது துரை வீட்டு வழக்கம் என்றே நாம் இருந்துவிட்டோம்.

மிருகக்காட்சி சாலைக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். 1992-இல், ஆறாம் வகுப்புப் படித்தபோது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் பிடித்து அழைத்துப் போனார்கள். அன்று நான் என்ன பார்த்தேன்? முன்னால் நடந்த பையனின் முதுகைப் பார்த்தேன். வாத்தியார் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்கச் சொல்லி, கூண்டுக்குக் கூண்டு தலையை எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்தாறு தலை பத்திரமாகத் திரும்பினால் போதும் என்ற கவலை அவருக்கு. யானையின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் நினைவிருக்கிறது!

இதையெல்லாம் யோசித்துவிட்டு, “அடுத்த லீவு எப்போது என்று சொல், ஜூ நெகாராவுக்குப் போகலாம்” என்றேன். அவன் முகத்தில் சந்தோஷமும் தயக்கமும் ஒன்றாக வந்தன. தயக்கத்தின் காரணத்தைப் பிறகு சொன்னான். கடவுச்சீட்டு அவன் கையில் இல்லை. சட்டைப்பையில் இருப்பது அதன் நகல்தான். ரயிலிலோ தெருவிலோ யாராவது நிறுத்திக் கேட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே, அந்தத் தெருவைத் தாண்டி அவன் அதிகம் போனதில்லை. ஒன்றரை ஆண்டாக ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன் பார்த்த வெளிநாடு மொத்தம் நான்கு தெரு! “குடும்பத்தோடு போகிறோம், நானும் கூட இருக்கிறேன், வா” என்று தைரியம் சொன்னேன்.

ஆற்றோடு எதிர்த்துப் போனோம்

2025-இன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், என் மனைவி, நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத மகன், இவர்களோடு என் அம்மா. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. “குரங்கைப் பார்க்க இவ்வளவு தூரம் காசு கொடுத்துப் போகணுமா?” என்று முதலில் சொன்னவர், விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து புளிச்சோறு கிளறிக் கட்டிவிட்டார்.

கிள்ளான் நிலையத்தில் மின்ரயில் ஏறினோம். இந்தப் பாதை சாதாரணப் பாதை அன்று. கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து 1886-இல் ஓடத் தொடங்கிய பழைய ரயில் பாதை. தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பழுதுபார்த்தவர்களிலும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாகவே இருந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்த பிறகு, இனிமேல் கல்வீடுதான் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. ரயில் பெட்டிகள் கோத்துப் பிரித்த கொட்டடி இருந்த நிலத்தில்தான் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. அங்கே தம்பி எங்களுக்காகக் காத்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் திருநீறு. குழந்தைகளுக்கென்று ஒரு பை நிறைய முறுக்கு.

அம்மாவைப் பார்த்ததும் “வாங்க ஆச்சி” என்றான். அண்ணாச்சியின் அம்மா எப்படி ஆச்சி ஆவார் என்று முறை பார்க்காதீர்கள். தலை நரைத்தவர்கள் எல்லாரும் அவனுக்கு ஆச்சிதான்! அம்மாவோ அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் கையைப் பிடித்தவர், வங்சா மாஜூ நிலையம் வரும் வரைக்கும் விடவில்லை. அங்கே இறங்கி, வாடகைக் காடி பிடித்தால் சற்று நேரத்தில் வாசல் வந்துவிடுகிறது.

வழியில் ஒரு சங்கதி என் மனத்தில் பட்டது. மிருகக்காட்சி சாலை இருக்கும் இடத்தின் பெயர் உலு கிள்ளான். ‘உலு’ என்றால் ஆற்றின் மேற்பகுதி என்று மலாயில் பொருள். நம் வீட்டுப் பக்கம் பழுப்பு நிறத்தில் அகன்று ஓடிக் கடலில் கலக்கிறதே, அதே கிள்ளான் ஆறு, இந்த மலைப்பக்கத்திலிருந்துதான் இறங்கி வருகிறது. பளபளவென்று வெள்ளைப் பாறை தெரியும் ஒரு நெடுங்குன்று இங்கே சுவர் மாதிரி நிற்கிறது. அதன் இடுக்கில் ஆற்றை மறித்து 1950-களின் கடைசியில் அணை கட்டினார்கள். ஆக, நாங்கள் காலையிலிருந்து செய்த பிரயாணம் ஆற்றின் வாயிலிருந்து அதன் தலைமாட்டுக்கு! “அப்போ நம்ம ஊருக்கு வர்ற தண்ணிய முதல்ல இங்க உள்ள யானைதான் குடிக்குதா?” என்றாள் மகள். இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு விலை

நுழைவுச் சீட்டு வாங்குமிடத்தில் இரண்டு விலை எழுதியிருந்தது. நம் நாட்டு அடையாளக் கார்டு உள்ளவர்களுக்கு ஒரு விலை. வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதலாக வேறொரு விலை. பல நாடுகளிலும் உள்ள வழக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தம்பி அந்தப் பலகையை நின்று படித்தான். மனத்துக்குள் கணக்குப் போட்டான். பிறகு மெதுவாக, “அண்ணாச்சி, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன நிழல்ல உக்காந்திருக்கேன்” என்றான்.

நான் பதில் சொல்லுமுன் அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். நான்காக மடித்த நோட்டுகள் வெளியே வந்தன. “அவனுக்கு நான்தான் சீட்டு வாங்குவேன்” என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். தோட்டத்தில் சம்பளக் கணக்குக் குறைந்தபோது கிராணியிடம் பேசிய அதே குரல். யாரும் மறுத்துப் பேசவில்லை.

உள்ளே போகுமுன் இந்த இடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957-இல் மலாயா விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில், வேடிக்கைக்காகச் சில மிருகங்களையும் கொண்டுவந்து காட்டினார்கள். கண்காட்சியைப் பார்க்க வந்த கூட்டம் மிருகங்களைச் சுற்றியே நின்றதாம். நம் நாட்டுக்கென்று ஒரு மிருகக்காட்சி சாலை வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 1963 நவம்பர் 14-இல் துங்கு அப்துல் ரஹ்மான் இதைத் திறந்துவைத்தார். மலேசியா என்ற நாடு பிறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை! பரப்பு 110 ஏக்கர். நானூறுக்கும் மேற்பட்ட இன உயிர்கள் இருக்கின்றன.

பெயரில் ‘நெகாரா’ இருப்பதால் அரசாங்கமே எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்கிறது என்று நான் இத்தனை காலமாக நினைத்திருந்தேன். அப்படி அன்று. மலேசிய விலங்கியல் சங்கம் என்ற தனிச் சங்கம்தான் நடத்துகிறது. வாசலில் வசூலாகும் காசுதான் பெரும்பாலும் மிருகங்களின் சாப்பாடு. 2020-இல் கொரோனா நோயால் நாடு முழுவதும் கதவடைப்பு வந்தபோது வாசல் மூடியது, வருமானமும் நின்றது. மூடியிருக்கிறது என்பதற்காக யானை பட்டினி கிடக்குமா? பொதுமக்களிடம் கையேந்தினார்கள். மக்களும் கொடுத்தார்கள். ‘இந்தப் பறவையின் தீனிச் செலவு என்னுடையது’ என்று ஒரு பிராணியைத் தத்தெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அம்மா பார்த்த புலி

வேகமாக நடந்தால் இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். நாங்கள் வேகமாக நடக்கவில்லை. அம்மாவின் முழங்கால்தான் எங்கள் கடிகாரம். அவர் உட்காரும் இடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். அப்படி உட்கார்ந்து பார்த்ததால்தான் பல விஷயங்கள் கண்ணில் பட்டன என்று இப்போது தோன்றுகிறது.

தாபிர் என்ற பிராணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்தியது மாதிரி, பின்னாலும் கறுப்பு. இரவில் காட்டுச் சாலையைக் கடக்கும்போது காடியில் அடிபட்டுச் செத்துப்போவதைப் பத்திரிகையில் படிக்கிறோம். குட்டி மட்டும் தாயைப் போல இருக்காது. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, தர்ப்பூசணிப் பழத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். சில மாதம் போனால் கோடெல்லாம் மறைந்துவிடும். அங்கே மாட்டியிருந்த குட்டியின் படத்தைப் பார்த்து என் மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற சீனக் குடும்பமும் சேர்ந்துகொண்டது.

ஓராங் ஊத்தான் முன்னால் தம்பி வெகுநேரம் நின்றான். பெயரின் பொருள் ‘காட்டு மனிதன்’ என்று சொன்னேன். அது தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்து, எங்கள் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. “எங்க கடை மொதலாளி கல்லாவுல உக்காந்திருக்க மாதிரியே இருக்கு” என்றான். அன்றைக்கு அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

புலி இருக்கும் இடத்துக்கு வந்ததும் அம்மா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அம்மா பிறந்தது உலு சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம். கலியாணமாகித்தான் காப்பாருக்கு வந்தார். சின்ன வயதில், அவசரகாலக் கெடுபிடி இருந்த காலத்தில், லயத்துக்குப் பின்னால் மாட்டுக்காரத் தாத்தாவின் கன்றுக்குட்டியைப் புலி அடித்துப் போட்டதாம். மறுநாள் பால் வெட்டப் போனவர்கள் மரத்துக்கு மரம் தகரத்தைத் தட்டிக்கொண்டே போனார்களாம். காண்டா விளக்கு வெளிச்சத்தில் புலியின் கண்ணைத் தானே பார்த்ததாக அம்மா எங்களுக்குச் சொல்லாத நாள் கிடையாது. இப்போது அதே புலி, நம் நாட்டுச் சின்னத்தில் நிற்கும் மலாயாப் புலி, பத்தடி தூரத்தில் நிழலில் படுத்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?” என்றார் அம்மா.

1950-களில் நம் காடுகளில் 3,000 புலிகள் வரை இருந்திருக்கும் என்று சொல்லப்படுகிறது. 2016-லிருந்து 2020 வரை நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, காட்டில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. கண்ணியும் வலையும் வைக்கிறவர்கள் ஒரு பக்கம். காடே சுருங்கிப்போனது மறுபக்கம். நாம் வேலை செய்த ரப்பர்க்காடும் செம்பனைக்காடும் ஒரு காலத்தில் அவற்றின் வீடுதான் என்பதையும் மறைப்பதற்கில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். “எங்களையும்தான் அந்தத் தோட்டத்திலேருந்து எறக்கிவிட்டாங்க” என்றார் அவர். உண்மைதான். நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

இங்கே பிறந்தது ஏன் அங்கே போகணும்?

மகளுக்குப் பாண்டாவைப் பார்க்க வேண்டும். பாண்டா இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், அது இருந்த வீட்டையாவது பார்க்கணும் என்றாள்.

மலேசியாவும் சீனாவும் உறவு தொடங்கிய 40-ஆம் ஆண்டை ஒட்டி, 2014-இல் சிங் சிங், லியாங் லியாங் என்ற இரண்டு பாண்டாக்கள் பத்து ஆண்டுத் தவணைக்கு இங்கே வந்தன. அவற்றுக்கென்று குளிர்சாதன வீடு, தின்ன மூங்கில் என்று ராஜ வாழ்க்கை. இங்கேயே மூன்று பெண் குட்டிகள் பிறந்தன. 2015-இல் நுவான் நுவான், 2018-இல் யீ யீ, 2021-இல் ஷெங் யீ. மூத்தது 2017-இலும், மற்ற இரண்டும் 2023-இலும் சீனாவுக்கு அனுப்பப்பட்டன. 2025-இல் தாயும் தந்தையும் புறப்பட்டுப் போயின. எந்த நாட்டில் பிறந்தாலும் பாண்டாக் குட்டி சீனாவுக்கே சொந்தம் என்பது ஒப்பந்தம்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: “இங்க பிறந்ததுதானே அப்பா? அது ஏன் அங்க போகணும்? அதுக்கு அந்த ஊரே தெரியாதே?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

என் தாய்மாமனை நான் கண்டதில்லை. அம்மாவுக்கு ஆறு வயது மூத்தவர். அதே உலு சிலாங்கூர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் கிடையாது, குடியுரிமையும் வாங்கிவைக்கவில்லை. 1969-இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தது. சீட்டுக் கிடைக்காதவர்களும், நாளைக்குக் கிடைக்காமல் போகுமோ என்று பயந்தவர்களும், பல்லாயிரம் பேர் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். மாமா 1970-இல் மனைவி மக்களோடு ரஜூலா கப்பலில் போனார். இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். அம்மா துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பினார். சேலம் ஜில்லா ஆத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமம், தாத்தா விட்டுவந்த ஊர், அங்கே போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. இரண்டு மூன்று ஆண்டு கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

இந்தக் கதை தம்பிக்குத் தெரியாது. பாண்டா வீட்டு வாசலில் நின்றபடியே, யாரும் கேட்காமல், அம்மாவே அவனிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

செங்கால் நாரை

மத்தியானம் ஏரிக்கரையில் மரத்தடியாகப் பார்த்து உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். இந்த ஏரியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இங்குள்ள நாரைகளுக்கு வலையும் கிடையாது, கூண்டும் கிடையாது. நினைத்தபோது பறக்கின்றன. கரையோர மரங்களில் அவையே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வெளியிலிருந்து கொக்குகளும் இராக்கொக்குகளும் அழைக்காத விருந்தாளியாக வந்து சேர்ந்துகொள்கின்றன.

ஒரு பெரிய பறவை தண்ணீருக்கு மேலே வட்டமிட்டு, காலை நீட்டி, எங்களுக்கு நேராக வந்து இறங்கியது. நீண்ட மஞ்சள் மூக்கு, ஆரஞ்சு நிற முகம், நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் பக்கம் ரோஜா வண்ணத்தில் சில இறகுகள், சிவந்த கால். தம்பி சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டான்.

“அண்ணாச்சி! இது எங்க ஊரு செங்கால் நாரைல்லா!”

அவன் ஊருக்குப் பக்கத்தில் கூந்தன்குளம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஆண்டுதோறும் இந்த நாரைகள் அங்கே கூட்டமாக வந்து இறங்கும். குளத்து மரங்கள் போதாமல் தெருவில் உள்ள மரங்களிலும், வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். எச்சம் விழுகிறதே, நாற்றமடிக்கிறதே என்று யாரும் விரட்டமாட்டார்கள். பறவை வந்தால் மழை உண்டு, விளைச்சல் உண்டு என்ற நம்பிக்கை. அவை மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. 1994-இல் அந்த இடத்தை அரசாங்கமும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மதுரையில் வறுமைப்பட்டுக் கிடந்த சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதாக அனுப்பியது செங்கால் நாரையைத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது வேறு வகை நாரை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அன்றைக்கு ஏரிக்கரையில் அந்த வாதத்துக்கெல்லாம் இடமில்லை!

“சின்னப் புள்ளையில அப்பா சைக்கிள்ல முன்னால வச்சுக் கூட்டிட்டுப் போவாவ. தை மாசம் வந்துட்டா எப்பப்பா போவோம்னு நச்சரிப்பேன்” என்றவன் சற்று நிறுத்தினான். “நான் இங்க வந்த நாலாவது மாசம் அப்பா தவறிட்டாவ, ஆச்சி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரை ஆண்டாக வாரத்தில் மூன்று நாள் அவன் கையால் பசியாறுகிறேன். ‘சாப்பாட்டுக்கு என்ன அண்ணாச்சி?’ என்று அவன் கேட்பான், நான் சொல்வேன். இந்தச் செய்தி எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தின் கடன் அப்போது தீரவில்லை. போனால் திரும்பி வருவதற்கு வழி இருக்குமோ இருக்காதோ என்ற நிலைமை. கடைக்குப் பின்னால் சந்தில் நின்றுகொண்டு, கைத்தொலைபேசியில் தகப்பனாரின் கடைசிக் காரியத்தைப் பார்த்திருக்கிறான். பாதியில் உள்ளேயிருந்து கூப்பிட்டார்களாம். போய் இரண்டு மேசைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வந்து மீதியைப் பார்த்தானாம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவன் இலையில் வைத்தார். “சாப்பிடு” என்றார். அவன் சாப்பிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து என் மகன்தான் பேச்சைத் தொடங்கிவைத்தான். இந்தப் பறவை ஏன் பறந்து ஓடிப்போகவில்லை என்று அவனுக்குச் சந்தேகம். அப்போது ஏரியோரமாக வாளியோடு போன ஒரு மலாய்ப் பெரியவரிடம் கேட்டேன். அவர் வானத்தைக் காட்டி, ஏரியைக் காட்டி, “பெர்கி, பாலிக்” என்றார். போகும், திரும்பி வரும். அவ்வளவுதான்! கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கெங்கோ சுற்றினாலும் தீனி இங்கே இருப்பதால் திரும்பி வந்துவிடுகின்றனவாம்.

இவற்றோடு உடல் முழுதும் பால் வெள்ளையாக இன்னொரு வகை நாரையும் நின்றது. அது நம் நாட்டுப் பறவை. பூரோங் உப்பே என்று மலாய்க்காரர் சொல்வார்கள். சதுப்புக்காட்டில் வாழ்வது. பேராக்கில் மாத்தாங் சதுப்புக்காட்டில் 1980-களில் நூற்றுக்குமேல் இருந்த கூட்டம், பிறகு விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. 1987 முதல் இங்கே அதைப் பெருக்கும் முயற்சி நடந்து வருகிறது. இங்கே பொரித்த சிலவற்றைக் கோலா சிலாங்கூர் சதுப்புப் பகுதியில் விட்டும் பார்த்திருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல். அக்கரையிலிருந்து வந்த செங்கால் நாரையும் இந்த உள்ளூர் நாரையும் ஒரே ஏரியில் வாழ்வதால், ஜோடி சேர்ந்து கலப்புக் குஞ்சுகளும் பிறந்துவிட்டன. அருகிவரும் இனம் கலந்துபோனால் அசல் இனத்தை மீட்க முடியாது என்பது நிபுணர்களின் கவலை. நியாயமான கவலைதான்.

அம்மாவுக்கு இதை விளக்கியபோது, “வந்த இடத்துல பொண்ணு எடுத்துக்கிச்சாக்கும்! போவுது விடு!” என்றார். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். நிபுணர்கள் மன்னிக்க வேண்டும்.

மூன்று மணிக்குமேல் மேகம் இருண்டு வந்தது. (போகிறவர்கள் குடையை மறக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் நுழைந்துவிட்டால், மழைக்கு முன்னால் நிதானமாகப் பார்க்கலாம். வெயிலில் நடக்கக் குழந்தைகளுக்குத் தண்ணீரும் அவசியம்.) திரும்பும் வழியில் மகன் தம்பியின் தோளில் தூங்கிப்போனான். ரயிலில் அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆத்தூர் அவனது ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

“ஒரு ராத்திரி பஸ்ல போற தூரந்தான் ஆச்சி. நான் ஊருக்குப் போறப்ப ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன். ஊர்ப் பேரு மட்டும் சரியாச் சொல்லுங்க.”

அம்மாவுக்கு ஊர்ப்பெயர் நினைவில்லை. வீட்டில் கடிதம் இருக்கிறது, அதில் இருக்கும் என்றார். அடுத்த மாத லீவுக்குக் கிள்ளானுக்கே வந்துவிடு, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்றும் சொன்னார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கடையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, தூங்குகிற பையனை என் தோளுக்கு மாற்றிவிட்டு, கே.எல். சென்ட்ரலில் இறங்கிக்கொண்டான். போகும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நகல் பத்திரமாக இருந்தது. அன்று முழுவதும் யாரும் அவனை நிறுத்திக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காலைக்கூட நீட்டாமல், கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்தார். நீல நிற விமானக் கடிதங்கள் நான்கு. மடிப்பில் எல்லாம் கிழிந்திருக்கின்றன. அனுப்பியவர் முகவரியில் ‘ஆத்தூர் தாலுகா’ என்பது தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மேல் வரியில் மை பரவியிருக்கிறது. என் மகள் விளக்கடியில் வைத்து அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை மூன்று எழுத்துக் கிடைத்திருக்கிறது.